வீதி எழும்பும் வேளை



புகையிரதக் கடவையின் முன்னால் காத்து நின்ற அனுபவம் உங்களில் அநேகருக்கு இருக்கும். மணி ஒலிக்கும், சிவப்பு விளக்கு மின்னும், குறுக்குத்தடி மெல்ல இறங்கும். அவசர அலுவலாகப் புறப்பட்ட நாளில்தான் அது தவறாமல் இறங்கும் என்பது நம் எல்லோருடைய முறைப்பாடு. முச்சக்கர வண்டிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பார். துவிச்சக்கர வண்டியில் வந்த இளைஞர் தடியின் கீழாகக் குனிந்து அப்பால் போய்விடுவார். பொறுமையோடு நிற்பவர்களாகிய நாமும் உள்ளுக்குள் சற்று முணுமுணுப்போம். புகையிரதம் கடந்து போனதும் தடி உயரும். ஐந்து நிமிடத்தில் அந்தக் காத்திருப்பையே மறந்துவிடுவோம். தடியை இறக்கியவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

இப்பொழுது வேறொரு காட்சியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மணி ஒலிக்கிறது. தடி இறங்குகிறது. ஆனால் உங்களுக்குக் குறுக்கே புகையிரதம் எதுவும் வரவில்லை. நீங்கள் போகவேண்டிய வீதியே நிலத்தை விட்டு மேலெழும்பத் தொடங்குகிறது! நடைபாதையோடும் கைப்பிடிக் கம்பிகளோடும் ஒரு துண்டு வீதி, சற்றும் சரியாமல், பன்னிரண்டு பதின்மூன்று மாடி உயரத்துக்கு ஏறிப் போகிறது. அந்த வீதியின் நடுவே ஒரு சிறிய அறை. அதற்குள் ஒரு மனிதர். வீதியை உயர்த்துகிறவர் அவர்தான். அவரும் அதனோடுகூட உயரே போகிறார். திறந்த வெளியினூடாக, ஒரு தெருவின் நீளமுள்ள கப்பல் ஒன்று, கரையில் நிற்பவர்கள் மாலுமிகளின் முகங்களைக் காணக்கூடிய அண்மையில், ஓசையின்றி நகர்ந்து உள்ளே வருகிறது.

இது கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் டுலூத் என்றொரு துறைமுக நகரம் உண்டு. ஏரி என்றதும் நமது குளங்களை நினைத்துவிட வேண்டாம். நமது இலங்கைத் தீவை முழுவதாக அதற்குள் வைத்தாலும் இன்னும் இடம் மிஞ்சும் நன்னீர்ப் பரப்பு அது. புயலெழும்போது கடலுக்குரிய சீற்றம் அனைத்தும் அதற்கு உண்டு. அந்நகரின் துறைமுக வாயிலில் நிற்கும் தூக்குப் பாலம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 தடவைகள் உயர்ந்து இறங்குகின்றது. அதை இயக்குகிறவர்களின் வேலையைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அங்கு பாலம் தேவைப்பட்டதற்குக் காரணம் இயற்கையன்று, மனிதரே. ஏரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஏறத்தாழ 11 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய மணற்றிட்டு ஒன்று கிடக்கின்றது. கப்பல்கள் உள்ளே வருவதற்கு இயற்கையான வழி ஒன்று முன்னரே இருந்தது. ஆனால் அது அயல் மாநிலமான விஸ்கொன்சினின் பக்கத்தில், போட்டி நகரமான சுப்பீரியருக்கு அருகே இருந்தது. டுலூத் நகரத்தார் தமக்கென ஒரு வாயிலை விரும்பினார்கள். 1870-71 காலப்பகுதியில் மணற்றிட்டை ஊடறுத்துக் கால்வாய் வெட்டினார்கள். நீதிமன்றத் தடையுத்தரவு வந்து சேர்வதற்கு முன்னர் ஊரார் எல்லோரும் மண்வெட்டிகளோடு திரண்டு இரவு பகலாக வெட்டி முடித்தார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் உண்மையில் அந்த வேலையைச் செய்தது நீராவியால் இயங்கிய அகழ்வு இயந்திரம் என்றே வரலாற்றாய்வாளர்கள் கூறுகின்றனர்.

கால்வாய் வந்தது, கப்பல்களும் வந்தன. மணற்றிட்டில் குடியிருந்த மக்களோ ஒரே நாளில் தீவு மக்களாகிவிட்டார்கள். கோடையில் ஓடம், மாரியில் உறைந்த பனிக்கட்டியின் மேல் நடை. பனி உறைந்தும் உறையாமலும் இருக்கும் வாரங்களில் என்ன செய்வது? பிள்ளைகள் பாடசாலைக்குப் போகவேண்டும், நோயாளியை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நகரத்தின் செல்வத்துக்காக வெட்டப்பட்ட கால்வாயின் விலையை அந்தக் குடும்பங்கள் முப்பது வருடங்களுக்கு மேலாகச் செலுத்தி வந்தன என்றே நான் சொல்வேன்.

1892ஆம் ஆண்டில் நகர சபை பாலத்துக்கான வரைபடங்களைக் கோரியது. ஜோன் அலெக்சாண்டர் லோ வடல் என்ற பொறியியலாளர், வீதியைச் செங்குத்தாக மேலே தூக்கும் பாலம் ஒன்றை வரைந்து கொடுத்தார். நகர சபைக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கப்பல் வழிகளுக்குப் பொறுப்பாயிருந்த போர்த் திணைக்களம் இணங்கவில்லை. வடல் தமது வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், 1894இல் சிக்காகோ நகரில் அவ்வகைப் பாலத்தைக் கட்டிக் காட்டினார். டுலூத் மக்களோ மறுபடியும் ஓடத்துக்குத் திரும்பினார்கள்.

பின்னர் நகரப் பொறியியலாளர் தோமஸ் மக்கில்வ்றே வேறொரு வழியைக் கண்டார். பிரான்ஸ் நாட்டின் ரூவான் நகரில் 1890களின் இறுதியில் அமைக்கப்பட்ட தொங்கு ஓடப் பாலமே அவருக்கு முன்மாதிரி. இரு கரைகளிலும் உயர்ந்த உருக்குக் கோபுரங்கள். அவற்றை உச்சியில் இணைக்கும் குறுக்குச் சட்டம். அந்தச் சட்டத்திலிருந்து தொங்கியபடி மனிதரையும் குதிரை வண்டிகளையும் சுமந்துகொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் ஒரு பெருங்கூடை. 1905இல் அது ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கால்வாயைக் கடந்துவிடும். கப்பல் வந்தால் கூடை கரையில் ஒதுங்கி நிற்கும், அவ்வளவுதான்.

அதே 1905ஆம் ஆண்டின் நவம்பர் 28ஆம் திகதி நடந்ததை அந்நகரம் இன்னும் மறக்கவில்லை. தூக்குப் பாலத்தை இயக்குகிறவரின் பொறுப்பு எத்தகையது என்று விளங்க வேண்டுமானால் நாமும் அதை அறிந்திருக்க வேண்டும். மட்டாபா என்ற கப்பல் இரும்புத் தாதுவை ஏற்றிக்கொண்டு, ஒரு பாரப் படகையும் இழுத்துக்கொண்டு முதல்நாள் டுலூத்தை விட்டுப் புறப்பட்டிருந்தது. கடும் புயலிலே அகப்பட்டு மறுநாள் திரும்பி வந்தது. பாரப் படகை வெளியே விட்டுவிட்டு, தனியாகக் கால்வாய்க்குள் நுழைய முயன்றது. வாயிலை அடைந்த தருணத்தில் அலை அதைத் தூக்கி அணையோடு மோதிற்று. கப்பல் சுழன்று, கரையிலிருந்து ஏறத்தாழ 600 அடி தூரத்தில் தரைதட்டி உடைந்தது. நகர மக்கள் ஆயிரக்கணக்கில் கரையில் கூடினார்கள். தீ மூட்டி இரவு முழுவதும் விழித்திருந்தார்கள். அலையின் உக்கிரத்தில் மீட்புப் படகை இறக்க முடியவில்லை. விடிந்தபின் 15 பேரை மீட்டெடுத்தனர். கப்பலின் பின்பக்கத்தில் இருந்த 9 பேர் குளிரினால் மடிந்து போயிருந்தனர். கூப்பிடு தூரத்திலே, தீயின் வெளிச்சம் தெரியும் தூரத்திலே அந்த ஒன்பது பேரும் மரித்தார்கள்.

அந்த அனர்த்தத்துக்கும் பாலத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. உயரத்திலிருந்த சட்டம் யாருக்கும் தடையாக இருக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அணைகளுக்கு இடையே கால்வாயின் அகலம் 300 அடி மாத்திரமே. புயலிலே அந்த இடுக்கமான வாயிலை நோக்கி வரும் கப்பலுக்கு "சற்றுப் பொறு" என்று சொல்ல எவராலும் முடியாது. பின்னொரு காலத்தில் அந்த வாயிலுக்குக் குறுக்கேதான், தாழ்வாக, ஒரு வீதியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

1920களில் மோட்டார் வாகனங்கள் பெருகின. தொங்கும் கூடையினால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1929இல் வேலை தொடங்கியது. பழைய கோபுரங்களையும் உச்சிச் சட்டத்தையும் இடித்துத் தள்ளாமல், சட்டத்தை இன்னும் உயர்த்தி, அதன் கீழே தூக்கி இறக்கக்கூடிய வீதி ஒன்றை அமைத்தார்கள். 1930 மார்ச் 29ஆம் திகதி அது முதன்முதலாகக் கப்பலுக்காக உயர்ந்தது. அந்த மாற்றத்தை வடிவமைத்த நிறுவனம் எது தெரியுமா? முன்னர் வடலோடு பங்காளியாயிருந்த ஹரிங்டன் என்பவரின் நிறுவனம். 1892இல் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட எண்ணம் 38 வருடங்களின் பின்னர் அதே வாயிலில் வந்து நின்றது. திணைக்களங்கள் எக்காலத்திலும் திணைக்களங்கள்தான் போலும்!

பாலத்தைத் திறப்பதற்குப் பல முறைகள் உண்டு. இலண்டனிலுள்ள புகழ்பெற்ற கோபுரப் பாலம், 1894இல் திறக்கப்பட்டது, இரட்டைக் கதவுபோல நடுவில் பிளந்து இரு பக்கமும் நிமிரும். நமக்கு அண்மையிலே இருப்பதைச் சொன்னால் இன்னும் இலகுவாக விளங்கும். கொழும்பிலிருந்து தலைமன்னார் போய், கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் புகையிரதத்தில் சென்னைக்குப் பயணம் செய்த பெரியவர்கள் உங்கள் குடும்பங்களில் இருந்திருப்பார்கள். அவர்கள் கடந்து சென்ற பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி, 1914இல் அமைக்கப்பட்டது, இரு இலைகளாக நிமிர்ந்து கப்பலுக்கு வழிவிட்டது. தொழிலாளர்கள் கைகளால் நெம்பித்தான் அதைத் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் திகதி அதற்கு அருகே திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலமோ டுலூத்தின் முறையைச் சேர்ந்தது. 72.5 மீற்றர் நீளமான அதன் நடுப்பகுதி கிடையாக இருந்தபடியே மேலே எழும்புகிறது. அது புகையிரதத்துக்கு உரியது. டுலூத்தில் உள்ளது வாகனங்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் உரியது.

டுலூத்தில் உயரும் வீதித் துண்டின் நீளம் 386 அடி. பாரம் ஏறத்தாழ 900 தொன். இவ்வளவு பாரத்தைத் தூக்க எத்தனை பெரிய இயந்திரம் வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையில் இயந்திரத்துக்கு வேலை குறைவு. கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் அடிப்பக்கத்தில் கல்லைக் கட்டிவிட்டால், நிறைந்த வாளியைச் சிறு பிள்ளையும் மேலே கொண்டுவந்துவிடும். அவ்வாறே அந்த வீதியின் இரு முனைகளிலும் கம்பி வடங்கள் கட்டப்பட்டு, கோபுர உச்சியிலுள்ள பெருஞ் சக்கரங்களின் மேலாகப் போய், மறுபக்கத்தில் தலா 450 தொன் பாரமுள்ள கொங்கிரீட் எடைகளைத் தாங்கி நிற்கின்றன. வீதி ஏற எடை இறங்கும்; வீதி இறங்க எடை ஏறும். உராய்வையும் காற்றையும் வெல்லுகிற அளவுக்கு மாத்திரமே மின்மோட்டார்கள் உழைக்கின்றன. முற்றாக உயர்ந்ததும் நீருக்கு மேலே 180 அடி இடைவெளி கிடைக்கும்.

சமநிலை என்பதோ எளிதில் குலையக்கூடியது. வீதியின் மேல் பனி படிந்தால் பாரம் கூடும். காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். ஒரு முனை மறு முனையைவிட முந்தினால் வழிகாட்டித் தண்டவாளத்தில் இறுகிக்கொள்ளும். வீதியின் தளம் உருக்குக் கம்பி வலையாக அமைக்கப்பட்டிருப்பதற்கு ஒரு காரணம் இதுதான். மழையும் பனியும் அதனூடாகக் கீழே விழுந்துவிடும். வாகனங்கள் அதன்மேல் ஓடும்போது எழும் ரீங்காரம் அவ்வூரின் அடையாள ஒலிகளில் ஒன்றாகிவிட்டது.

ஆகவே, அன்பர்களே, தூக்குவது கடினமான காரியமன்று. ஒரு விரலால் பொத்தானை அழுத்தினால் 900 தொன் எழும்பும். கடினம் எங்கே இருக்கிறது? அழுத்துவதற்கு முன்னுள்ள அந்தச் சில நிமிடங்களிலே இருக்கிறது.

கப்பல் தொலைவில் வரும்போதே கப்பற்றலைவர் வானொலி மூலம் பாலத்தை அழைத்துவிடுவார். இயக்குபவர் நேரத்தைக் கணிக்க வேண்டும். மிக முன்னதாகத் தூக்கினால் வீதியில் வாகனங்கள் வீணே தேங்கும். மிகப் பிந்தினால் நேரப்போவதை எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது. அந்த ஏரியில் ஓடும் மிகப்பெரிய கப்பல்கள் ஆயிரம் அடி நீளமும் 105 அடி அகலமும் உடையவை. 60,000 தொன்னுக்கும் மேற்பட்ட தாதுவையோ நிலக்கரியையோ சுமக்கக் கூடியவை. 300 அடி வாயிலுக்குள் அப்படிப்பட்ட கப்பல் நுழையும்போது இரு பக்கமும் எஞ்சுவது நூறு நூறு அடிகூட இல்லை. போதாததற்கு, ஏரியின் நீர்மட்டமும் துறைமுகத்தின் நீர்மட்டமும் தொட்டில்போல் மாறி மாறி ஏறி இறங்குவதால், கால்வாயில் நீரோட்டம் ஒருமுறை உள்ளே இழுக்கும், ஒருமுறை வெளியே தள்ளும். கப்பலின் வேகத்தை அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் சுக்கானுக்குக் கட்டுப்படாது. குறித்த தூரத்துக்குள் வந்துவிட்ட பின்னர் அதனால் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அந்த எல்லையைக் கப்பல் தாண்டுவதற்கு முன் வீதி உயர்ந்திருக்க வேண்டும்.

அதனாலேயே நீர்வழிக்கு முதலிடம். திறக்கும் பாலங்கள் எல்லாம் கப்பலின் கோரிக்கை கிடைத்ததும் தாமதமின்றி முழுவதுமாகத் திறக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இலண்டனிலும் மரபு அதுவே. 1997 மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் இலண்டனுக்குச் சென்றிருந்தபோது, அவருடைய வாகன அணி கோபுரப் பாலத்தைக் கடக்கையில் பாலம் திறந்துகொண்டது. அணி இரண்டாகத் துண்டுபட்டது. கடந்து சென்றது கிளாடிஸ் என்ற பழைய பாய்மரப் படகு! உலகின் வல்லமை மிக்க தலைவரின் பாதுகாவலர்கள் ஒரு பாய்மரத்தைப் பார்த்தபடி காத்து நின்றார்கள்.

ஆனால் சட்டம் வீதியில் நிற்பவர்களை மறந்துவிடவில்லை. டுலூத்தில் 300 தொன்னுக்குக் குறைந்த சிறு கலங்களுக்காகப் பகல் வேளைகளில் மணிக்கும் அரைமணிக்கும் மாத்திரமே பாலம் உயர்த்தப்படும். உல்லாசப் படகோட்டி ஒருவர் நினைத்த நேரமெல்லாம் ஊரை மறித்துவிட முடியாது. புயலுக்கு ஒதுங்க வரும் கலத்துக்கும், ஆபத்தில் அகப்பட்ட கலத்துக்கும் இந்த நேர ஒழுங்கு கிடையாது. உடனே திறக்க வேண்டும். மறுபக்கத்திலே, நோயாளர் காவு வண்டியோ தீயணைப்பு வண்டியோ பாலத்தை நோக்கி வருகிறது என்று நம்பகமான தகவல் கிடைத்தால், அது வந்து சேரும் வேளையில் வீதி இறங்கியிருப்பதற்கு இயன்ற அனைத்தையும் செய்யும்படி அதே சட்டம் இயக்குபவருக்குக் கட்டளையிடுகிறது.

இந்த இரண்டு கட்டளைகளும் ஒரே நிமிடத்தில் வந்து சேர்ந்தால்? மணற்றிட்டுக்கு அந்தப் பாலத்தைத் தவிர வேறு வீதி இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒரு பக்கம் நிற்க முடியாத கப்பல். மறுபக்கம் மூச்சுக்குத் திணறும் ஒருவரை ஏற்றி வரும் வண்டி. இயன்ற அனைத்தையும் என்று சட்டம் சொல்லிவிட்டது. இயன்றது எது என்பதை அந்தச் சிறிய அறையில் இருப்பவர் தீர்மானிக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பாரத்தை வைத்துவிட்டார்கள்!

நேரம் வந்ததும் விளக்கு எரியும், மணி ஒலிக்கும், தடைகள் இறங்கும். கப்பல் சங்கு ஊதும்: நீண்டது, குறுகியது, நீண்டது, குறுகியது. பாலமும் அதே ஒலியால் பதில் கூறும். திறக்க முடியாத நிலையில் ஐந்து குறுகிய ஒலிகளை எழுப்ப வேண்டும் என்பது பொது விதி. அந்த ஐந்தையும் எந்தக் கப்பற்றலைவரும் கேட்க விரும்புவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இயக்குபவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. பார்க்க வேண்டும். வீதியின் இந்த முனை தொடங்கி அந்த முனை வரை, இரு நடைபாதைகளிலும், எவரும் இல்லை என்று தன் கண்ணால் கண்டுகொள்ள வேண்டும்.

பார்க்கத் தவறினால் என்ன நேரும்? 1952 டிசம்பர் 30ஆம் திகதி இரவு, இலண்டன் கோபுரப் பாலத்தில் எச்சரிக்கைச் சமிக்ஞை உரிய வேளையில் கொடுக்கப்படவில்லை. 78ஆம் இலக்க இரட்டைத் தட்டுப் பஸ் ஒன்று பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காலடியில் வீதி எழும்பத் தொடங்கிற்று. சாரதி அல்பேர்ட் கண்டர் நிறுத்துவதற்கு நேரமில்லை என்பதைக் கண்டார், வேகத்தைக் கூட்டினார். இன்னும் எழும்பத் தொடங்காதிருந்த எதிர்ப்பக்கத்தின் மேல், சுமார் ஆறு அடி பள்ளத்துக்கு, பஸ் பாய்ந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அவருக்குப் பத்துப் பவுண் சன்மானம் கொடுத்தார்கள். இந்தச் சம்பவத்தை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எவரும் இறக்கவில்லை என்பதால் சிரிக்க முடிகிறது.

2022ஆம் ஆண்டு அப்படியல்ல. அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் மூன்று பேர், திறக்கும் பாலங்களில், நடந்து கடக்கும்போது உயிரிழந்தார்கள். பெப்ரவரியில் புளோரிடா மாநிலத்தில் துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு நடந்த மூதாட்டி ஒருவர். அங்கே இயக்குபவர் பாலத்திலேயே இருந்தார். ஓகஸ்டில் மில்வோக்கி நகரில் செவிப்புலன் குறைந்த முதியவர் ஒருவர். அவருடைய மனைவி சற்று முன்னே நடந்து கரை சேர்ந்துவிட்டார்; அவர் நடுவழியில் நின்றுவிட்டார். அங்கே பாலத்தில் இயக்குபவர் இல்லை. வேறோர் இடத்திலிருந்து கமராத் திரையைப் பார்த்து அவர் இயக்கினார். இந்த இரண்டுக்கும் இடையில், ஜூலை மாதத்தில், நாம் இதுவரை பேசிக்கொண்டிருக்கும் டுலூத் பாலத்திலேயே, அது உயர்த்தப்பட்டபோது, நடந்து கடந்துகொண்டிருந்த பெண்ணொருவர் இறந்தார்.

ஆயிரமாயிரம் தடவை பழுதின்றி உயர்ந்து இறங்கிய பாலம். பயிற்சி பெற்ற பணியாளர்கள். மணியும் விளக்கும் தடையும் எல்லாம் இருந்தன. இத்தனையும் இருந்தும் நடந்தது. இதை எழுதும்போது இறந்தவர்களின் குடும்பங்களை நினைக்கிறேன். அந்தப் பொத்தானை அழுத்திய மூன்று பேரையும் நினைக்கிறேன். அவர்கள் கொடியவர்களல்லர். நாள்தோறும் செய்த ஒரு செயலை அன்றைக்கும் செய்தார்கள்.

செலவைக் குறைப்பதற்காகப் பாலங்களைத் தூரத்திலிருந்து இயக்குவது பல நகரங்களில் வழக்கத்துக்கு வந்துள்ளது. ஒரே அறையில் இருந்தபடி பல பாலங்களைக் கவனிக்கலாம் என்பது வாதம். கமரா உறங்காது, கண்ணோ சோர்ந்துவிடும் என்பாரும் உளர். மறுப்பதற்கில்லை, பாலத்திலேயே இருந்தவரும் காணத் தவறியிருக்கிறார். ஆயினும் என் மனம் டுலூத்தின் பழைய ஒழுங்கையே விரும்புகிறது. அங்கே இயக்குபவரின் அறை வீதியின் நடுவிலேயே இருக்கின்றது. நடைபாதையில் போகிற பிள்ளையின் குரல் அவருக்குக் கேட்கும். வீதி எழும்பும்போது அவர் காலின் கீழும் தளம் அதிரும். தாம் எதைத் தூக்குகிறார் என்பது அவருடைய உடம்புக்கே தெரியும். திரைக்கு முன்னால் பல மைல் அப்பாலுள்ள நாற்காலியில் அந்த அதிர்வு கிடைக்குமா?

அந்த மணற்றிட்டில் வாழும் மக்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். பாலம் உயர்ந்ததனால் பிந்திவிட்டது என்று சொல்வதற்கு, பாலம் என்ற பெயர்ச்சொல்லையே அவர்கள் வினைச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் பிந்தினாலும் அதுதான் காரணம், விருந்துக்குப் பிந்தினாலும் அதுதான் காரணம். சில சமயம் அது மெய்யாகவும் இருக்கும் என்று நம்புவோம். சினங்கொள்கிறவர்களும் உண்டு, இறங்கும் தடையை முந்திக்கொண்டு போகப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆனால் பலர் வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து கப்பலைப் பார்க்கிறார்கள். உல்லாசப் பயணிகளோ இதற்காகவே தூரத்திலிருந்து வந்து அணையின்மேல் வரிசையாக நிற்கிறார்கள்.

ஜனவரி நடுப்பகுதியில், ஏரிகளை இணைக்கும் சூ நீரடைப்புகள் மூடப்படும். மார்ச் 25 வரையில் தூரக் கப்பல்கள் வருவதில்லை. துறைமுகம் பனிக்கட்டியாகிவிடும். பாலம் அநேக நாட்களில் வெறும் வீதியாகவே கிடக்கும். பின்னர் பனி உடைந்து முதற்கப்பல் வரும் நாளில், குளிரையும் பாராமல் மக்கள் கால்வாய்க் கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

அவர்களோடு நாமும் ஒரு கணம் நிற்போம். இருள் சூழ்ந்த மாலை வேளை. ஏரியில் ஒரு விளக்கு. அது மெல்லப் பெரிதாகிறது. மணி ஒலிக்கிறது, தடைகள் இறங்குகின்றன. அறையிலிருப்பவர் ஒரு பக்கம் பார்க்கிறார். மறு பக்கம் பார்க்கிறார். வீதி எழும்புகிறது. கறுத்த மலைபோன்ற கப்பல் வாயிலுக்குள் நுழைகிறது. மூன்று நீண்ட ஒலிகள், இரண்டு குறுகிய ஒலிகள்: அது கப்பற்றலைவரின் வணக்கம். அதற்கு விதியும் இல்லை, கட்டாயமும் இல்லை. பாலமும் மூன்று நீண்ட ஒலிகளும் இரண்டு குறுகிய ஒலிகளுமாகப் பதில் வணக்கம் கூறுகிறது. குன்றின்மேலுள்ள வீடுகள் வரை அந்த ஓசை போய்த் திரும்புகிறது.

கப்பலின் பின்விளக்கு உள்ளே மறைந்ததும் வீதி இறங்கத் தொடங்குகிறது. இறங்கும்போதும் பார்க்க வேண்டும். கப்பலின் பின்னால் சிறு படகு ஏதும் கால்வாய்க்குள் வந்திருக்கலாம். அறையிலிருப்பவர் கீழே குனிந்து பார்க்கிறார். தளம் வந்து தன் இடத்தில் அமர்கிறது. தடைகள் உயர்கின்றன. முதல் வாகனம் உருக்கு வலையின்மேல் ஏறி ரீங்காரமிட்டுக்கொண்டு போகிறது. அதன் சாரதி மேலே அந்த அறையை நிமிர்ந்து பார்க்கவில்லை. நடைபாதையில் ஒரு தாயும் பிள்ளையும் வருகிறார்கள். அடுத்த கப்பல் வானொலியில் அழைக்கிறது.